உலர்திராட்சை

ஜனவரி 17, இரவு

பொட்டலம் கிழிந்து கிடக்கிறது. பாதிக்கு மேல் காணவில்லை. எங்கள் நாய் செம்பி இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டாள். ஊதிப்போன திராட்சைகள் முழுசு முழுசாக விழுந்தன. ஆட்டோ வரவேண்டும்.

ஜனவரி 18

ஊசி போட்டு மிச்சத்தையும் வெளியே எடுத்தார்கள். முன்காலில் டிரிப்ஸ் ஏறுகிறது. இதற்கு முறிமருந்து கிடையாதாம். கிரியாட்டினின், அதாவது சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய ரத்தக் கழிவு, சரியாக இருக்கிறது என்றதும் அழுதே விட்டேன். டாக்டர் கையமர்த்தினார். சிறுநீரகம் கெட்டால் ரத்தத்தில் தெரிய ஓரிரு நாள் பிடிக்குமாம்.

பெரியப்பா போனில், "குழந்தைக்கே கொடுக்கிறோம், நாய்க்கு என்ன ஆகிவிடும்?" என்றார். பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன்.

ஜனவரி 19

சிறுநீர் குறைந்துவிட்டது.

ஜனவரி 19, நள்ளிரவு

தூக்கம் வரவில்லை, படித்துக்கொண்டே இருக்கிறேன். திராட்சையில் எது நாயைக் கொல்கிறது என்று பல வருடம் யாருக்கும் பிடிபடவில்லை. குழந்தைகள் உருட்டி விளையாட வீட்டில் செய்த மாவைத் தின்ற ஒரு நாய்க்கும் இதே சிறுநீரகச் சேதம் வந்திருக்கிறது. மாவில் இருந்தது கிரீம் ஆஃப் டார்டார், டார்டாரிக் அமிலத்தின் உப்பு. அதைப் பிடித்துக்கொண்டுதான் 2021இல் அமெரிக்க விலங்கு நச்சு மருத்துவர்கள் டார்டாரிக் அமிலத்தின் மேல் சந்தேகத்தை வைத்தார்கள். அது பழத்துக்குப் பழம் கூடும், குறையும். அதனால்தானோ என்னவோ, ஒரு நாய் கைப்பிடி தின்றுவிட்டுத் துள்ளுகிறது, இன்னொன்று நாலைந்திலேயே சாய்ந்துவிடுகிறது.

அதே அமிலம் புளியிலும் இருக்கிறது. புளியைத் தின்ற நாய்களுக்கும் சிறுநீரகம் போயிருக்கிறது. புளி! நம் வீட்டில் அது இல்லாத நாள் ஏது? மிஞ்சிய புளியோதரையைத் தெரு நாய்களுக்குத்தானே போடுகிறார்கள்? அம்மாவை எழுப்பி, புளிப்பானையைப் பரணில் ஏற்றச் சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

ஜனவரி 20

கிரியாட்டினின் 2.9க்கு ஏறிவிட்டது.

ஜனவரி 21

ஏறவில்லை, இறங்கவும் இல்லை.

சாம்பார் வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. ஈறு வெளுக்கச் சில நாள் ஆகும். சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் இருக்கும் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி ஒரு மணி நேரத்துக்குள்ளேயே ரத்தச் சர்க்கரையைக் கவிழ்த்துவிடும். அக்காவின் கைப்பையைக் கொட்டித் தேடினேன். அவளுக்குக் கோபம். இருக்கட்டும்.

ஜனவரி 22

2.3! சிறுநீர் தாராளமாகப் போகிறது. அம்மா "செம்பி" என்று கூப்பிட்டதும் வாலை ஆட்டினாள்.

ஜனவரி 23

வேகவைத்த கோழியை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். நாளை மறுபடியும் ரத்தம் எடுக்கிறார்கள். எதிர்வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் பாயசம் வைக்கிறார்கள், பாத்திரத்தை அவர்கள் நாய் டைகர்தான் நக்குகிறது. அந்த வீட்டுப் பாட்டியிடம் இன்றே சொல்லியாக வேண்டும்.