தார் மணலுக்கு அப்பாவை அழைத்துச் செல்லும் ஏற்பாடு

கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள கிரானைட் பட்டறைகளில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கல் அறுத்து ஓய்ந்தவர் என் அப்பா. மணல் மட்டுமே மலையாகக் குவிந்து காற்றின் போக்கில் இடம் மாறும் நிலத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று அவர் கேட்டு இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. கிரானைட்டில் கண்ணாடிபோல் மின்னும் துகளும் தென்பெண்ணை ஆற்று மணலும் குவார்ட்ஸ் என்ற ஒரே கனிமம்தான் என்பதை எனக்குச் சிறுவயதில் காட்டிக்கொடுத்தவரும் அவரே. வருகிற தை மாதத்தில் அவரையும் அம்மாவையும் ராஜஸ்தானின் தார் பாலைவனத்திலுள்ள ஜெய்சால்மருக்கு அழைத்துச் செல்வதென்று முடிவு செய்துவிட்டேன்.

எப்போது போவது என்பதைத் தீர்மானிக்கத்தான் அதிக நாள் பிடித்தது. எனக்கு விடுப்பு எளிதாகக் கிடைப்பது மே மாதத்தில். ஆனால் அப்போது தார் பாலைவனத்தில் வெயில் 45 டிகிரியைத் தாண்டுவதோடு புழுதிப் புயலும் வீசும். கல் தூசியை ஆண்டுக்கணக்கில் சுவாசித்த நெஞ்சு அதைத் தாங்காது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். டிசம்பர் கடைசி வாரத்தில் ஆண்டிறுதிக் கூட்டம் அலைமோதும். பொங்கலுக்குப் பிறகு காற்று அடங்கியிருக்கும், வானமும் தெளிவாக இருக்கும். தை அமாவாசையன்று ஒகேனக்கல்லில் தர்ப்பணம் கொடுப்பதை அப்பா ஒருபோதும் விட்டதில்லை என்பதால், அதை முடித்துக்கொண்டு மறுநாள் கிளம்புகிறோம். நாங்கள் போய்ச் சேரும்போது வளர்பிறையின் தொடக்க நாட்களாக இருக்கும். நிலவு நள்ளிரவுக்கு முன்பே மறைந்துவிடும், அதன்பின் விண்மீன்களைத் தாராளமாகப் பார்க்கலாம்.

கிருஷ்ணகிரி நகருக்கு ரயில் கிடையாது என்ற பழைய குறை இப்போதும் உறுத்துகிறது. பேருந்தில் பெங்களூரு சென்று, அங்கிருந்து ஜோத்பூருக்கு ரயிலில் இரண்டு இரவுகள் பயணம் செய்து, பிறகு ஜெய்சால்மருக்கு வேறு ரயில் பிடிக்க வேண்டும். முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பு திறக்கும். இருவருக்கும் கீழ்ப்படுக்கை கிடைக்க வேண்டுமானால் அன்று காலையிலேயே எடுத்துவிட வேண்டும்.

ஜெய்சால்மரை ஒட்டியுள்ள பாலைவனத் தேசியப் பூங்கா 1980இல் அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு 3,162 சதுர கி.மீ.; நம் தர்மபுரி மாவட்டம் முழுவதுமே ஏறத்தாழ 4,500 சதுர கி.மீ. தான் என்பதை நினைத்தால் அதன் விரிவு புரியும். பூங்கா முழுவதும் மணல்மேடு என்று நாங்கள் எண்ணியிருந்தோம். உண்மையில் மணல்மேடுகள் ஐந்தில் ஒரு பங்குதான். எஞ்சியவை புல்வெளியும் பாறைத் தரையும் வற்றிய உப்பு ஏரிகளுமே. அந்தப் புல்வெளிதான் கானமயில் (Great Indian Bustard) என்ற பெரிய பறவையின் வீடு. நாட்டில் ஏறத்தாழ 150 கானமயில்களே எஞ்சியிருப்பதாகக் கணிக்கிறார்கள். அது தரையில், பெரும்பாலும் ஒரே ஒரு முட்டையை இடும் பறவை. ஆகவே தடம் விட்டு விலகி ஜீப்பை விரட்டும் எந்தச் சவாரிக்கும் நான் பணம் கொடுக்கப் போவதில்லை.

பலரும் போவது நகருக்கு மேற்கே 40 கி.மீ. தொலைவிலுள்ள சாம் மணல்மேடுகளுக்கு. அங்கே வரிசையாகக் கூடாரங்களும் இரவெல்லாம் ஒலிபெருக்கிகளும் இருக்கும் என்பதால், தென்மேற்கிலுள்ள குரி கிராமத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி உண்டு. மணல்மேட்டில் காற்று வரும் பக்கம் சரிவு குறைந்தும் மணல் இறுகியும் இருக்கும். மறுபக்கம் ஏறத்தாழ 34 டிகிரிச் சரிவில் மணல் பொலபொலவென்று சரிந்துகொண்டே இருக்கும். எனவே காற்று வரும் பக்கமாக, நின்று நின்று ஏறினால் போதும். ஒட்டகம் எழும்போது பின்னங்கால்களை முதலில் ஊன்றுவதால் மேலிருப்பவர் முன்னால் சாய்ந்துவிடுவார். அப்பாவுக்கு ஒட்டக வண்டியே பாதுகாப்பு. அந்த மாதத்தில் அங்கே சூரியன் உதிக்கவே காலை ஏழரை மணி ஆகிவிடும், இரவுக் குளிரும் பத்து டிகிரிக்குக் கீழே இறங்கும். அம்மாவிடம் கம்பளி, காலுறை, குரங்குக் குல்லா மூன்றையும் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

சாப்பாட்டைப் பற்றி எனக்குக் கவலையில்லை. களி தின்று வளர்ந்தவர்களுக்குக் கம்பு ரொட்டி பிடிக்காமல் போகாது. அங்கே சாங்க்ரி என்று சமைப்பது வன்னி மரத்தின் காய். நம் கோயில்களில் தல விருட்சமாக நிற்கும் அதே வன்னிதான் ராஜஸ்தானின் மாநில மரம்.

ஒரு பகல் முழுவதையும் அகல் கல்மரப் பூங்காவுக்கு ஒதுக்கியிருக்கிறேன். நகரிலிருந்து 17 கி.மீ. தொலைவில், ஏறத்தாழ 18 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. மறுநாள் 1156இல் எழுந்த ஜெய்சால்மர் கோட்டையைப் பார்ப்போம். அதன் மஞ்சள் சுவர்கள் மணற்கல், அதாவது என்றோ படிந்து இறுகிய மணல். அப்பா இப்போதே தன் பழைய உருப்பெருக்கிக் கண்ணாடியைத் துடைத்து, ஒரு சாம்பல் நிறக் கிரானைட் சில்லையும் சேர்த்துத் துணிப்பையில் முடிந்து வைத்திருக்கிறார்.