ஏ4 தாளில் என் முகம்

2021 மே மாதம் லண்டன் மேயர் தேர்தலில் முதல்முறை ஓட்டுப் போடப் போனபோது நான் இந்தியக் குடிமகன். காமன்வெல்த் நாட்டுக்காரர்கள் முறையான விசாவோடு இங்கே வசித்தால் ஓட்டுப் போடலாம். பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினேன். மேசையில் இருந்தவர் அதைத் தொடக்கூட இல்லை. பேரையும் முகவரியையும் கேட்டார், பட்டியலில் ஒரு கோடு போட்டார், சீட்டைக் கொடுத்துவிட்டார். விரலில் மையும் கிடையாது. சாவடிக்குள் பூத் ஏஜெண்டுகள் பட்டியலோடு உட்கார்ந்து ஒவ்வொரு பேருக்கும் டிக் அடிக்கும் ஊரிலிருந்து வந்தவனுக்கு ஏதோ ஒன்று குறைகிற மாதிரியே இருந்தது.

2022ல் சட்டம் போட்டார்கள். லண்டன் முழுக்கப் புகைப்பட அடையாளம் கேட்ட முதல் தேர்தல் 2024 மே 2. அதற்குள் எனக்குப் பிரிட்டிஷ் குடியுரிமை கிடைத்திருந்தது. சிக்கலே அதுதான். குடியுரிமை கிடைத்ததும் பிஆர்பி அட்டையை, அதாவது வெளிநாட்டுக்காரர்களுக்குக் கொடுத்த வசிப்பு அட்டையை, அப்போது திருப்பி அனுப்பிவிட வேண்டியிருந்தது, அனுப்பிவிட்டேன். இந்திய பாஸ்போர்ட் சரண்டர் செய்யப் போயிருந்தது. புது பாஸ்போர்ட்டுக்குக் கட்டணத்தை நினைத்துத் தள்ளிப்போட்டிருந்தேன். கார் ஓட்டத் தெரியாது. வெளிநாட்டுக்காரனாக இருந்தவரை கையில் இருந்த அடையாளம், இந்த நாட்டுக்காரனானதும் இல்லை!

எளிய வழி ஒன்று இருந்தது: வாக்காளர் அடையாளச் சான்றிதழ். இலவசம். வாக்காளர் பட்டியலில் பேர் இருக்க வேண்டும். நேஷனல் இன்ஷூரன்ஸ் எண், பிறந்த தேதி, ஒரு படம், அவ்வளவுதான். கடைசி நேரம் ஏப்ரல் 24 மாலை 5 மணி. சமையலறைச் சுவரோரம் நிறுத்தி மனைவி போனில் படம் எடுத்தாள். ரெண்டு நாளில் கவுன்சிலிலிருந்து மெயில்: பின்னால் நிழல் விழுந்திருக்கிறது, வேறு படம் அனுப்பவும். பார்த்தால் உண்மைதான், என் காது சுவரில் பெரிதாக விழுந்திருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பி நின்று இன்னொன்று எடுத்தோம். ஒரு வாரத்தில் தபாலில் வந்தது. அட்டை என்று நினைத்திருந்தேன். ஏ4 தாள்.

பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அம்மாவிடம் காட்டினேன். "எனக்கு இந்த பஸ் பாஸே காணும் தம்பி" என்று ஃப்ரீடம் பாஸை எடுத்துக் காட்டினார். 'காணும்' என்றால் அவர் ஊரில் 'போதும்'. முதியோர் பாஸ் செல்லும். அதே வீட்டில் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பேரனிடமும் படம் போட்ட ஆய்ஸ்டர் பயண அட்டை இருக்கிறது, அது செல்லாது. இதற்கு ஒரு காரணம் சொல்வார்கள், முதியோர் பாஸுக்கு ஆவணச் சோதனை கடுமை என்று. பேரனுக்கு அது ஏறவில்லை. எனக்கும்தான்.

நம் ஊரிலும் அடையாள அட்டை கேட்கிறார்கள். ஆனால் அங்கே 1993ல் தொடங்கி அரசே ஆளுக்கொரு அட்டை கொடுத்தது. அது இல்லையென்றால் ஆதார், பான் அட்டை, படம் ஒட்டிய பேங்க் பாஸ்புக் என்று வேறு சிலதும் செல்லும். இங்கே அட்டை கொடுக்காமலேயே அட்டை எங்கே என்று கேட்டார்கள். ஆள்மாறாட்டம் நடக்கவே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்காகத் தண்டனை வாங்கியவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். லண்டனுக்கு வெளியே நடந்த 2023 மே உள்ளாட்சித் தேர்தலில் அடையாளம் இல்லாமல் ஓட்டுப் போட முடியாமல் போனவர்கள் 14,000 பேராவது இருப்பார்கள் என்று தேர்தல் ஆணையமே கணக்குச் சொன்னது.

மே 2 காலையில் தாளை மடிக்காமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துப் போனேன். மேசையில் இருந்த பெண் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். இன்றைக்கு இதுதான் முதல் தாள் என்றார். அப்புறம் வழக்கம்போலக் கயிற்றில் கட்டிய பென்சில். அதே நாளில் போரிஸ் ஜான்சன் அடையாளம் எடுத்துவர மறந்து சாவடியிலிருந்து திரும்பிப் போனாராம். அவர் ஆட்சியில் வந்த சட்டம்!

தாள் இப்போது ஊர் வாக்காளர் அட்டையோடு ஒரே ஃபைலில் கிடக்கிறது. அங்கே பட்டியலிலிருந்து என் பேரை நீக்க வேண்டும். அதற்குப் படிவம் 7. இன்னும் நிரப்பவில்லை.