விரல் பதிந்த குழி

அம்மாவின் கணுக்காலுக்கு மேலே டாக்டர் கட்டைவிரலால் சில நொடிகள் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் அங்கே குழி அப்படியே இருந்தது. மெல்ல மெல்லத்தான் மேடானது.

"கால் கனமா இருக்கு" என்பது அம்மா மட்டுமே உணர்வது. மருத்துவப் பாடத்தில் அது சிம்ப்டம். அந்தக் குழி, யார் அழுத்தினாலும் தெரிவது. அது சைன்.

இரண்டுமே நோயின் பெயர் இல்லை. திசுக்களில் நீர் தேங்கியிருக்கிறது, அவ்வளவுதான். காரணம் இதயமாக இருக்கலாம், சிறுநீரகமாகவோ கல்லீரலாகவோ இருக்கலாம். ரத்த அழுத்தத்துக்குப் போடும் அம்லோடிபின் மாத்திரைகூட இப்படி வீங்க வைக்கும்.

கூகுளில் தேடி ஒரே நிமிடத்தில் நோயை முடிவு செய்பவர்கள் (எங்கள் வீட்டிலும் ஒருவர் உண்டு) இந்த இடத்தைத்தான் தாண்டிக் குதிக்கிறார்கள்.

டாக்டர் பழைய மருந்துச் சீட்டை வாங்கிப் பார்த்தார். அப்புறம் ரத்தம், சிறுநீர்ப் பரிசோதனைக்கு எழுதினார். நோயின் பெயரை இன்னும் சொல்லவில்லை. எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.