8டி ரிப்போர்ட்டை மூடுமுன் பார்க்க வேண்டியவை

வாடிக்கையாளர் புகார் வந்ததும் 8டி (காரணம் கண்டு சரிசெய்ததை எட்டுப் படிகளில் எழுதும் ரிப்போர்ட்) எழுதி அனுப்புவது எல்லா ஆட்டோ உதிரிபாக யூனிட்டிலும் நடக்கிறது. சில மாதம் கழித்து அதே புகார் பக்கத்து மெஷினிலிருந்து வருவதும் நடக்கிறது. தர நிர்வாகத்துக்கான ஐஎஸ்ஓ 9001:2015-ல் 7.1.6-வது பிரிவு நிறுவன அறிவு, 10.2 திருத்த நடவடிக்கை. திருத்தத்தில் கற்றது நிறுவன அறிவில் சேராமல் இரண்டுக்கும் தனித்தனி ஃபைல் போட்டு வைத்தால் இப்படித்தான் ஆகும்.

சிஎன்சி லேத்தில் ஓடும் 22 எச்7 போரை (22 மி.மீ. துளை; எச்7 என்பது அதன் டாலரன்ஸ்) எடுத்துக்கொள்வோம். லிமிட் 22.000 முதல் 22.021 மி.மீ. வாடிக்கையாளரிடம் நோ-கோ கேஜ் (துளை லிமிட்டைவிடப் பெரிதானால் மட்டும் நுழைவது) உள்ளே போய்விட்டது. "ஆபரேட்டர் கவனக்குறைவு, பயிற்சி அளிக்கப்பட்டது" என்று முதல் பதில் வரும். அதை அப்படியே திருப்பி அனுப்புங்கள். இன்சர்ட் (மாற்றக்கூடிய வெட்டும் முனை) தேயத் தேய போர் சிறுக்கும். ஆபரேட்டர் வேர் ஆஃப்செட்டை (தேய்மானத்தை ஈடுகட்ட மெஷினில் போடும் திருத்த அளவு) கொஞ்சங்கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே வருவார். 0.030 மி.மீ. சேர்ந்த நிலையில் புது இன்சர்ட் மாட்டி, ஆஃப்செட்டைத் தொடாமல் விட்டால் போர் லிமிட்டைத் தாண்டும். அந்த இடத்தில் அளக்கச் சொல்லி எந்தத் தாளிலும் இல்லை. முதல் பீஸ் சோதனை ஷிஃப்ட் ஆரம்பத்தில் மட்டும்தான். அடுத்த சாம்பிள் எடுப்பதற்குள் வந்த பீஸெல்லாம் டப்பாவுக்குப் போய்விடும்.

டூல் லைஃப் கவுன்ட்டர் எண்ணிக்கை முடிந்ததும் மெஷின் நிற்க வேண்டும். புது இன்சர்ட்டுக்கு ஆஃப்செட்டை பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, அதிலிருந்து 0.050 குறைத்து முதல் கட் எடுத்து, போர் கேஜில் அளந்து, மிச்சத்தை எடுக்க வேண்டும். போர் சின்னதாக இருந்தால் மறுபடி கடையலாம், பெரிதானால் ஸ்கிராப்.

டி7-ல்தான் (தவறு மறுபடி வராமல் தடுக்கும் ஏழாவது படி) பலரும் கோட்டை விடுகிறார்கள். பிஎஃப்எம்இஏவில் (செயல்முறையில் எங்கே, ஏன் தவறலாம் என்று அலசும் அட்டவணை) "இன்சர்ட் மாற்றிய பின் ஆஃப்செட் மாறாமல் இருப்பது" என்று காரணத்தைத் தனி வரியாக எழுத வேண்டும். பயிற்சிப் பதிவேட்டைக் காட்டி டிடெக்ஷன் மதிப்பை (தவறு பிடிபடாமல் போகும் வாய்ப்புக்கான மதிப்பெண்) குறைப்பது ஏமாற்று வேலை. கன்ட்ரோல் பிளானில் (எதை, எப்போது அளப்பது என்ற திட்டம்) "ஒவ்வொரு இன்சர்ட் மாற்றத்துக்கும் முதல் பீஸ்" என்று சேர்த்து, வேலைக் குறிப்பையும் அன்றே ரிவிஷன் செய்யுங்கள். மெஷினில் தொங்கும் பழைய தாளைக் கழற்றியாயிற்றா என்று நேரில் போய்ப் பாருங்கள். ஆடிட்டர் முதலில் கை வைப்பது அதில்தான். பிறகு போர் கடையும் மற்ற பார்ட் நம்பர்களைப் பட்டியலிட்டு, அவற்றின் பிஎஃப்எம்இஏவிலும் இந்த வரி ஏற வேண்டும்.

மூன்று மாதமாகப் புகார் இல்லை என்பது பலன் சோதனை ஆகாது. ஸ்டோரில் இன்சர்ட் வாங்கிய பதிவையும் முதல் பீஸ் அளவுப் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், முக்கியமாக நைட் ஷிஃப்ட். எண்ணிக்கை ஒத்துப்போகாவிட்டால் 8டியைத் திரும்பத் திறக்க வேண்டியதுதான்.