முறுக்கு சுற்றும் விரலில் மரு

காரைக்குடியில் வீட்டிலேயே கைமுறுக்கு சுற்றி விற்கிறேன். மாவைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் முறுக்கிக்கொண்டே போகவேண்டும். சரியாக அந்த இடத்தில், ஆள்காட்டி விரலின் ஓரத்தில், மிளகளவு ஒரு மரு. ஆடியில் ஒன்று, புரட்டாசிக்குள் மூன்று. சீருக்கு முறுக்குச் சொல்ல வந்த ஆச்சி, "என்ன ஆத்தா, பாலுண்ணியா? இந்தக் கையோடயா சுத்துறே?" என்று கேட்டார்கள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மாமியார் உப்பும் மிளகும் முடிந்து வைத்தார்கள். சித்திரையில் நகரத்தார் வைத்தீஸ்வரன் கோயிலுக்கு நடந்து போவார்கள் அல்லவா, அவர்களிடம் கொடுத்துவிட. அதற்கு இன்னும் அரை வருஷம் கிடந்தது. அதுவரை சும்மா இருப்பானேன் என்று அம்மான் பச்சரிசியைக் கிள்ளி அதன் பாலை வைத்துப் பார்த்தேன். இரண்டு வாரத்தில் மரு கறுத்தது, அவ்வளவுதான்.

அப்புறம் செய்ததுதான் முட்டாள்தனம். யாரோ சொன்னார்கள் என்று சுண்ணாம்பும் சலவை சோடாவும் குழைத்துக் கட்டினேன். ராத்திரி எரிச்சல் தாங்காமல் அவிழ்த்துக் கழுவினால், சுற்றிலும் தோல் வெந்து உரிந்திருந்தது. நடுவில் மரு மட்டும் குத்துக்கல்லாட்டம். புண் ஆறப் பத்து நாள். தழும்பு இன்னும் இருக்கிறது.

தோல் டாக்டர் பிளேடால் லேசாகச் சீவினார். உள்ளே கடுகைவிடச் சின்னதாகக் கறுப்புப் புள்ளிகள். "இது வேர் இல்லம்மா, ரத்தக் குழாய் அடைச்சு நிக்குது" என்றார். காரணம் ஹெச்பிவி வைரஸாம். கீறல் வழியாக எளிதில் தொற்றுமாம். கூட வந்த என் வீட்டுக்காரர் தன் குதிகால் ஆணியைக் காட்டினார். சீவினால் அதிலும் அதே புள்ளிகள், அதுவும் மருதான்! நேராக அழுத்தினால் வலிப்பது ஆணி, இரண்டு பக்கமும் பிடித்துக் கிள்ளினால் வலிப்பது பெரும்பாலும் மரு. மனிதர் வருஷக்கணக்கில் ஆணி பிளாஸ்டர் ஒட்டிவந்தார். அதில் இருப்பதும் மருவுக்குப் போடும் அமிலம்தான். ஒரு நாள் ஒட்டினால் ஒரு மாதம் மறந்துவிடுவார், பிறகு எங்கே போகும்?

கரண்ட் வைத்துச் சுட்டால் மரத்துப்போக ஊசி போட்டு ஒரே நாளில் முடியும். ஆனால் விரலிலும் குதிகாலிலும் தழும்பு விழுந்தால் அழுந்தும்போதெல்லாம் வலிக்கலாம், மரு திரும்ப வரவும் கூடும் என்று டாக்டர் தயங்கினார். இன்னொரு வழி திரவ நைட்ரஜன், மைனஸ் 196 டிகிரி. உறையவைத்தால் கொப்புளித்து உதிரும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை போகவேண்டும், நம் நிறத்துக்கு வெள்ளைத் திட்டு விழலாம். வீட்டுக்காரர் அதற்குத்தான் ஒத்துக்கொண்டார்.

நான் தடவும் மருந்தை எடுத்துக்கொண்டேன்: சாலிசிலிக் அமிலமும் லாக்டிக் அமிலமும் சேர்ந்த பசை மாதிரியான திரவம். தினமும் ராத்திரி விரலை ஐந்து நிமிஷம் வெந்நீரில் ஊறவைத்து, வெள்ளைத் தோலை அரத்தால் தேய்த்து, சுற்றிலும் வாசலைன் பூசி, மரு மேல் மட்டும் ஒரு சொட்டு. அந்த அரத்தை வேறு எதற்கும் தொடக்கூடாது. முகத்துக்கும் மறைவிடத்துக்கும் இந்த மருந்து ஆகாது. சர்க்கரை உள்ளவர்கள் காலில் தாங்களாகப் போடவே கூடாது.

மூன்றாவது வாரம் ஒன்றும் தெரியாமல் வெறுத்துப்போனது. டாக்டர் 12 வாரம் சொல்லியிருந்ததால் விடவில்லை. கையுறையோடு முறுக்கு சுற்ற வரவில்லை; நாத்தனார் மகள் சுற்ற, நான் அடுப்படியில் வேகவைத்தேன். அவள் முறுக்கில் சுற்று சீராக விழாது, அதையும் ஆச்சிமார் கண்டுபிடித்தார்கள். பதினோராவது வாரம் விரலில் ரேகை திரும்ப ஓடியது.

வீட்டுக்காரர் மூன்று தடவை போய் உறையவைத்துக்கொண்டார். ஒவ்வொரு தடவையும் நான்கு நாள் நொண்டினார். ஓரத்தில் ஒரு புள்ளி இன்னும் நிற்கிறது. சித்திரை வந்ததும் மாமியார் அந்த முடிச்சை எடுத்தார்கள். எனக்குத்தான் போய்விட்டதே என்றேன்.

"இவன் குதிகாலுக்கு இருக்கட்டும்" என்று கொடுத்தனுப்பிவிட்டார்கள்.