எடுப்பு தவறிய வியாழக்கிழமைகள்

இங்கிலாந்துக்கு வந்த முதல் ஏழெட்டு மாதங்களில் வெளியாட்களிடம் நான் வாயைத் திறந்து பேசியதை விரல்விட்டு எண்ணிவிடலாம். படித்தது ஆங்கிலம், வேலை பார்த்தது ஆங்கிலம், எல்லாம் சரிதான். ஆனால் இங்கே எதிரில் இருப்பவர் வேகமாக ஒன்றைச் சொல்லிவிட்டுச் சிரிப்பார், நானும் ஒரு நொடி தாமதமாகச் சிரித்து வைத்துவிட்டு வீட்டுக்கு வந்த பிறகும் அவர் என்னதான் சொல்லியிருப்பார் என்று மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருப்பேன். வேலை கிடைக்கும்வரை வீட்டிலேயே முடங்கிக் கிடக்க வேண்டாமே என்று முதியோருக்கான பகல்நேர மையம் ஒன்றில் தன்னார்வலராகச் சேர்ந்தேன். அதற்கே டி.பி.எஸ். என்ற பின்னணிச் சரிபார்ப்பு முடிந்து வர வேண்டும் (தன்னார்வலருக்கு அதில் கட்டணம் கிடையாது, அது ஒரு நிம்மதி). நாற்காலிகளை வட்டமாகப் போட வேண்டும், பாட்டுத் தாள்களைக் கொடுக்க வேண்டும், கூடவே பாட வேண்டும். வியாழக்கிழமை காலைகளில் இதுதான் என் வேலை.

முதல் வாரம் போவதற்கு முன்னால் வீட்டுப்பாடம் எல்லாம் செய்தேன். வயதானவர்கள் என்றால் இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் பாட்டுகள்தானே பிடிக்கும் என்று நானாகவே முடிவுகட்டி, அவற்றைத் தேடிக் கேட்டு இரண்டு மூன்றை நெட்டுருப் போட்டுவிட்டுப் போனேன். என் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஒரு முன்னாள் பஸ் டிரைவர். நான் பெருமையாக ஒன்றை முணுமுணுத்ததைக் கேட்டுவிட்டு, "லவ், அது என் அம்மாவோட பாட்டு. நான் பிறந்ததே 1944 ஜனவரி. போர் முடிஞ்சப்போ எனக்கு ரெண்டு வயசுகூட ஆகலை" என்றார். அப்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1962 அக்டோபரில் பீட்டில்ஸ் என்ற ராக் இசைக்குழு தன் முதல் சிங்கிள் இசைத்தட்டை வெளியிட்டபோது இவருக்குப் பதினெட்டு வயது! மனிதர்களுக்குப் பத்து வயதிலிருந்து முப்பது வயதுவரை நடந்தவைதான் பிற்காலத்தில் அதிகமாக நினைவுக்கு வரும் என்று உளவியலாளர்கள் சொல்கிறார்கள். அப்படியென்றால் எண்பதைத் தாண்டிய இவருக்குப் பழைய பாட்டு என்பது கிட்டாரும் டிரம்ஸும் அதிரும் பாட்டு. நாமும் நம் பெரியவர்களிடம் இதே தப்பைத்தான் செய்கிறோம் என்று நினைக்கிறேன். அவர்களுக்கு எது பழசு என்பதையும் நாமே முடிவு செய்துவிடுகிறோம்.

சொல்ல மறந்துவிட்டேன், இந்த "லவ்" ஒன்றும் விசேஷமில்லை, அவருக்கு எல்லாரும் "லவ்"தான். எனக்குத்தான் அவரைக் கூப்பிட வாய் வரவில்லை. எண்பது வயதுக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்றால் எப்படிக் கூப்பிடுவது? ஐயா, தாத்தா எதுவும் இங்கே செல்லாது. மூன்று மாதம் வரை எதிரில் போய் நின்று அவர் என்னைப் பார்க்கும்வரை காத்திருந்துதான் பேசினேன்.

சரி, பாட்டுக்கு வருகிறேன். அறுபதில் இருப்பவருக்கும் தொண்ணூறில் இருப்பவருக்கும் இளமைக்காலப் பாட்டுகள் வேறுவேறு, ஒருவருக்குக் கண் கலங்கும்போது இன்னொருவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆனால் இவர்கள் எல்லாருக்கும் பொதுவாக ஒன்று இருந்தது, அதுதான் ரவுண்டு. பள்ளிக்கூடத்தில் படித்தது. ஒரே சின்னப் பாட்டு. முதல் குழு ஆரம்பிக்கும், அது இரண்டாவது அடிக்குப் போகும்போது அடுத்த குழு முதல் அடியிலிருந்து எடுக்கும், அப்புறம் மூன்றாவது, நான்காவது குழு. ஒரே மெட்டு தன்னையே துரத்திக்கொண்டு போகும், ஆனால் காதுக்கு நான்கு விதமான மெட்டுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டது மாதிரி இருக்கும். மூன்று குருட்டு எலிகளைப் பற்றிய குழந்தைப் பாட்டு ஒன்று 1609இலேயே தாமஸ் ரேவன்ஸ்கிராஃப்ட் என்பவர் வெளியிட்ட தொகுப்பில் அச்சாகியிருக்கிறது. அதற்கும் வெகு முன்னால், 13ஆம் நூற்றாண்டில், கோடை வந்ததைப் பாடும் ஒரு ரவுண்டு. ரெடிங் என்ற ஊரின் கிறிஸ்தவ மடத்தோடு தொடர்புள்ள அந்தச் சுவடி இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் அங்கே வரும் ஓய்வுபெற்ற ஆசிரியை. சொல்லிவிட்டு, புரிந்ததா என்று என்னிடம் திருப்பிக் கேட்டும் பார்த்தார். பழக்கதோஷம்!

நான் சின்ன வயதில் நான்கு வருடம் பாட்டு கற்றுக்கொண்டவள். சுருதி தப்பாது, தாளம் தப்பாது என்று ஒரு மிதப்பு இருந்தது. முதல் ரவுண்டிலேயே அது இறங்கிவிட்டது. நான் இரண்டாவது குழு. எங்கள் முறை வந்ததும் சரியாகத்தான் எடுத்தேன், ஆனால் இரண்டாவது அடி முடிவதற்குள் முதல் குழுவோடு போய் ஒட்டிக்கொண்டேன். மறுபடி ஆரம்பித்தோம், இந்த முறை மூன்றாவது குழுவோடு ஒட்டிக்கொண்டேன். நாமெல்லாம் கூட்டமாகப் பாடினால் ஒரே மெட்டை ஒரே நேரத்தில் ஒன்றாகத்தான் பாடுவோம். பக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்துகொள்வதுதான் அங்கே நல்ல பாட்டுக்காரருக்கு அழகு. எனக்கு அவ்வளவு வருடமாகச் சொல்லிக்கொடுத்ததே அதைத்தான். இங்கே அது தப்பு. பஸ் டிரைவர் சிரிக்கவில்லை, என் நாற்காலிக் கைப்பிடியில் விரலால் தாளம் தட்டிக்கொண்டே பாடினார். "அவங்களைக் கேட்காதே, என் வாயைப் பார்" என்றார். வாயைப் பார்த்தேன். நான்காவது வாரம் ஒருவழியாகக் கடைசிவரை தாக்குப்பிடித்தேன்.

நாற்காலி போடுகிற வேலை சாதாரணமானது இல்லை என்பதும் மெதுவாகத்தான் புரிந்தது. மறதி நோய் இருப்பவர்கள் என்னைப் போலவே பக்கத்துக் குழுவுக்கு இழுபட்டுப் போவார்கள், அதனால் ஒவ்வொருவர் பக்கத்திலும் அசையாமல் பாடக்கூடிய ஒருவரை உட்கார வைக்க வேண்டும். காது மிஷின் பேச்சுக்காகச் செய்யப்பட்டது, நாலாபக்கமும் பாட்டு வந்தால் சிலருக்கு வெறும் இரைச்சலாகிவிடும், அவர்களை வட்டத்தின் ஓரத்தில், தங்கள் குழுவுக்கு நேர் எதிரே போட வேண்டும். நான்கு குழு கேட்க அழகாக இருக்கும், ஆனால் பாதி நாள் இரண்டு குழுவே போதும். சுருதியை இறக்கிப் பிடிக்க வேண்டும், ஏனென்றால் வயதாக ஆகப் பெண்களின் குரல் கீழே இறங்கிவிடுகிறது. பள்ளிக்கூடத்துச் சுருதியில் எடுத்தால் மேல் ஸ்வரத்தில் எல்லாரும் வாயை மட்டும் அசைப்பார்கள். பாட்டை நடத்துபவர் ஒருநாள் வரவில்லை, வேறொருவர் வந்து கணீரென்று மேலே எடுத்தார், மூன்றாவது அடியில் அறையில் அவர் குரல் மட்டும்தான் இருந்தது.

ஒருநாள் ஆசிரியை, உங்கள் பாட்டு ஒன்றை ரவுண்டாகப் பாடலாமே என்றார். எனக்குச் சட்டென்று வந்தது தாலாட்டுதான். பாடிக் காட்டினேன், பிடித்திருந்தது, இரண்டு குழுவாகப் பிரித்து முயற்சி செய்தோம். சகிக்கவில்லை. முதல் குழு மேலே போகும்போது இரண்டாவது குழு கீழே வேறெங்கோ இடித்துக்கொண்டு நின்றது. வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் காரணம் தெரிந்தது. ரவுண்டில் ஒவ்வொரு அடியும் மற்ற எல்லா அடிகளின் மேலும் பொருந்தும்படி முன்கூட்டியே திட்டம் போட்டுக் கட்டியிருப்பார்கள். நம் மெட்டுகளுக்கு அந்தக் கவலையே கிடையாது, அவை ஒற்றைக் கோடாகத் தங்கள் இஷ்டத்துக்கு அலையும்.

அடுத்த வாரம் வேறு மாதிரி செய்து பார்த்தோம். அந்தக் கோடை ரவுண்டில் மேலே நான்கு குரல்கள் துரத்திக்கொண்டிருக்க, கீழே இரண்டு குரல்கள் சின்னத் துண்டு ஒன்றைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டே இருக்கும் என்று ஆசிரியை சொல்லியிருந்தாரே, நாதஸ்வரத்துக்கு ஒத்து ஊதுவது மாதிரி. எல்லாரும் கீழே "ஆராரோ ஆரிரரோ" என்று இரண்டே ஸ்வரத்தில் சுற்றிக்கொண்டிருக்கட்டும், மேலே நான் மட்டும் பாட்டைப் பாடுகிறேன் என்றேன். அவர்கள் "ர"வை உருட்டவே இல்லை, ஆ-வா-வோ என்றுதான் வந்தது. ஆனால் நின்றது. பல வருடம் கழித்து வேறு யாரோ எனக்குத் தாலாட்டு பாடுகிற மாதிரி இருந்ததால் இரண்டாவது கண்ணியில் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது, நிறுத்திவிட்டேன். அவர்கள் நிறுத்தவில்லை. பாட்டு முடியவில்லை என்று நினைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தார்கள், நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு விட்ட இடத்தில் மறுபடி சேர்ந்துகொண்டேன்.

வாரா வாரம் என்னை யாரென்று புதிதாகக் கேட்கும் ஒரு பாட்டி இருக்கிறார். அதற்கடுத்த வியாழக்கிழமையும் கேட்டார். சொன்னேன். தலையாட்டிவிட்டு, நான் நாற்காலி போட்டு முடிப்பதற்குள் "ஆவாவோ" என்று சன்னமாக ஆரம்பித்துவிட்டார். அவருக்கு அது எங்கிருந்து வந்த பாட்டு என்று தெரியாது, என்னையும் தெரியாது.

இப்போது எனக்கு வேலை கிடைத்துவிட்டது, வியாழக்கிழமை மட்டும் காலையில் தாமதமாக வருகிறேன் என்று பேசி வாங்கியிருக்கிறேன். போன வாரம் நானும் பஸ் டிரைவரும் கடைசிக் குழு. முதல் குழு முடித்து அமைதியானது, அப்புறம் இரண்டாவது, மூன்றாவது. எல்லாரும் எங்களையே பார்த்துக்கொண்டிருக்க, கடைசி அடியை நாங்கள் இரண்டு பேர் மட்டும் பாடி முடித்தோம். பிசிறே இல்லை. அவரைப் பெயர் சொல்லியே கூப்பிட்டு, எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"அரைத் தாளம் முன்னாடி எடுத்துட்டே, லவ்" என்றார்.