அம்மாவுக்கு மறதின்னு போய், தலையில வயர் மாட்டுற வரைக்கும்

மறதின்னு முதல்ல சொன்னது நாங்க இல்ல, அம்மாவேதான். "பாப்பா, பேரு தொண்டை வரைக்கும் வருது, வாய்க்கு வர மாட்டேங்குது"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. வயசு 73, மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் எஸ்டேட்ல பால் மரம் வெட்டுனவங்க, இனிப்பு நீர் (சர்க்கரை வியாதி) இருக்கு, அதுக்கு மெட்ஃபார்மின் மாத்திரை பல வருஷமா ஓடுது. சொந்தக்காரங்க எல்லாம் வயசானா அப்படித்தான்லான்னு சொல்லிட்டு டீ குடிச்சிட்டு போயிடுவாங்க. ஆனா இன்னொண்ணும் இருந்துச்சு, பேசிக்கிட்டே இருக்கும்போது திடீர்னு நின்னுடுவாங்க, பார்வை எங்கயோ இருக்கும், உதடு மட்டும் எதையோ மெல்லுற மாதிரி ஆடும், கொஞ்ச நேரத்துல "என்ன கேட்ட"ம்பாங்க. அதைப் பார்த்துதான் கிளினிக் கெசிஹாத்தானுக்கு, அதான் அரசாங்க கிளினிக்குக்கு, கூட்டிட்டு போனேன்.

அங்க மிஸ்ஸி (நர்ஸ்) ஒரு ஃபாரத்தை வச்சுக்கிட்டு 10 கேள்வி கேட்டாங்க. முதல்ல ஒரு நாலு இலக்க நம்பர் சொல்லி ஞாபகம் வச்சுக்கச் சொன்னாங்க, அப்புறம் வயசு, பொறந்த நாள், இன்னைக்கு என்ன கிழமை, தேதி, மாசம், வருஷம், இது எந்த இடம், கடைசியில அந்த நம்பரைத் திருப்பி சொல்லணும். எல்லாம் மலாய்ல. அம்மாவுக்குத் தெரிஞ்ச மலாய் பசார்ல மீன் வாங்குற மலாய். பொறந்த நாள் கேட்டா மாசி மாசம்னு சொல்றாங்க, ஐசியில (அடையாள கார்டுல) இருக்கிற தேதி யாரோ கிராணி (கிளார்க்) எழுதிக் குடுத்தது, அது அவங்களுக்கு என்னைக்குமே தெரியாது, இதுக்கெல்லாம் மார்க் போனா எப்படி? தமிழ்ல நான் கேக்கட்டுமான்னு கேட்டேன், சரின்னாங்க, ஆனா கண்ணைக் காட்டி விடை சொல்லிக் குடுக்கக் கூடாதுன்னு முன்னாடியே எச்சரிக்கை. தமிழ்ல கேட்டதும் கிழமை, மாசம், இடம் எல்லாம் டக்கு டக்குன்னு வந்துச்சு, அந்த நம்பர் மட்டும்தான் வரல.

டாக்டர் சின்னப் பொண்ணுதான், ஆனா நிதானமா பேசுனாங்க. தானே வந்து மறதி மறதின்னு சொல்றது வேற, வீட்டு ஆளுங்க வந்து சொல்றது வேற, டிமென்ஷியா, அதாவது மூளை பாதிச்சு வர்ற மறதி நோய், முத்துனவங்களுக்கு தனக்கு மறதி இருக்கிறதே பல நேரம் தெரியாதாம். தானே சொல்றவங்கள்ல நிறைய பேருக்கு தூக்கம் இல்ல, மனசு சரியில்ல, காது கேக்கல, இல்லன்னா மாத்திரை காரணமா இருக்கும், அதுக்காக ஒண்ணுமில்லன்னு விட்டுடவும் கூடாது, கொஞ்ச பேருக்கு அதுதான் முதல் அறிகுறின்னாங்க. ரத்தம் எடுத்தாங்க, சர்க்கரை, கிட்னி, உப்பு, தைராய்டு, வைட்டமின் பி12. அடுத்த தடவை வரும்போது வீட்டுல இருக்கிற எல்லா மாத்திரையையும், கடையில வாங்குனதையும் சேர்த்து, பையில போட்டு கொண்டு வரச் சொன்னாங்க.

அந்தப் பையிலதான் விஷயமே இருந்துச்சு. தோல் அரிப்புக்குன்னு அம்மா ராத்திரி ராத்திரி ஒரு குட்டி மஞ்சள் மாத்திரை போடுவாங்க, குளோர்ஃபெனிரமின், ரொம்ப காலமா, தூக்கமும் வருதுன்னு அவங்களுக்கு அது மேல ஒரு பிரியம். ஞாபகத்துக்கு மூளைக்கு அசிட்டைல்கோலின்னு ஒரு ரசாயனம் வேணுமாம், இந்தப் பழைய வகை அரிப்பு மாத்திரை அதைத்தான் தடுக்குதாம், வயசானவங்களுக்கு இதுலயே குழப்பம் வருமாம். மாத்திரையை நிறுத்தி கிரீம் குடுத்தாங்க. பி12ம் கம்மி. மெட்ஃபார்மின் வருஷக்கணக்கா சாப்பிட்டா பி12 குறையும்னு அன்னைக்குத்தான் கேள்விப்பட்டேன், அதுக்கு ஊசி ஆரம்பிச்சாங்க.

அம்மா பேசிக்கிட்டே நின்னு வெறிச்சுப் பார்க்குறது ஒரு வகை வலிப்பா இருக்குமோன்னு பெரிய ஆஸ்பத்திரிக்கு லெட்டர் குடுத்தாங்க. காத்திருக்கிற கதையை எழுதுனா தனிப் பதிவு ஆயிடும், விடுங்க. சிடி ஸ்கேன் எடுத்தாங்க, அம்மா முன்னாடி பாத்ரூம்ல வழுக்கி விழுந்திருக்காங்க, அதனால உள்ள ரத்தக்கட்டு இருக்கான்னு பார்க்கணும்னாங்க, இல்ல. அப்புறம்தான் இஇஜி, தலையில வயர் ஒட்டி மூளையோட மின் அலையைப் பதியுற டெஸ்ட்.

இஇஜிக்கு முதல் நாள் தலைக்குக் குளிக்கணும், எண்ணெய் வைக்கக் கூடாது, இதுலதான் வீட்டுல பெரிய சண்டை. தேங்காய் எண்ணெய் இல்லாத தலையோட அம்மா வாசலுக்குக் கூட போனதில்ல. அதுக்கு மேல ராத்திரி கம்மியாத்தான் தூங்கணும்னு சொல்லிட்டாங்க, டெஸ்ட்ல கொஞ்சம் கண் அசந்தா வலிப்பு அலை இருந்தா தெரிய வாய்ப்பு ஜாஸ்தியாம். அவங்க பயம் வேற, "எனக்கு கரண்டு வைக்கப் போறீங்களா?" கரண்டு உள்ள போகாதும்மா, மூளையில இருந்து வர்றதைத்தான் மெஷின் படிக்குதுன்னு எத்தனை தடவை சொன்னாலும் நம்பல. வர்றதும் 10ல இருந்து 100 மைக்ரோவோல்ட்தான், அவ்வளவு சின்னது, அதனாலதான் எண்ணெய் இருந்தா சரியா பிடிக்காது. தலையை டேப் வச்சு அளந்து, பென்சில்ல புள்ளி வச்சு, பசை தடவி ஒவ்வொரு வயரா ஒட்டுனாங்க. கண்ணை மூடு, திற, மூச்சை இழுத்து விடு, அப்புறம் மின்னுற லைட். கண்ணை மூடுனா தலைக்குப் பின்பக்கம் விநாடிக்கு 8ல இருந்து 13 தடவை ஆடுற அலை வரணும், அதுக்கு ஆல்ஃபான்னு பேரு. டிமென்ஷியாவுலயே ஒரு வகையான அல்சைமர்ல அந்த வேகம் குறையுமாம். ஆனா அதை மட்டும் வச்சு அல்சைமர்னு சொல்ல முடியாது, மறதின்னு வர்ற எல்லாருக்கும் இந்த டெஸ்ட் வேண்டியதும் இல்ல, வலிப்பு சந்தேகம் இருக்கிறதாலதான் அம்மாவுக்கு எடுத்தோம்னு ஸ்பெஷலிஸ்ட் தெளிவா சொன்னாங்க.

ரிசல்ட்ல வலிப்பு அலை இல்ல, ஆல்ஃபாவும் அவங்க வயசுக்கு சரியாத்தான் இருக்கு. ஆனா ஒரு தடவை சுத்தமா வந்ததால வலிப்பே இல்லன்னு முடிவு பண்ண முடியாதாம், மறுபடி அப்படி நின்னா போன்ல வீடியோ எடுத்துட்டு வாங்கன்னு சொல்லியிருக்காங்க. 30 மார்க் ஞாபக டெஸ்ட்டும் வச்சாங்க, இந்தத் தடவை தமிழ்லயே. கடிகாரம் ஒழுங்கா வரைஞ்சுட்டாங்க, பெட்டி வரையச் சொன்னதுக்கு மட்டும் "நான் மூணாவதோட நின்னுட்டேன் டாக்டர்"னு பேனாவைக் கீழ வச்சுட்டாங்க, படிப்புக் கம்மியா இருந்தா அதுக்கு ஒரு மார்க் சேர்ப்பாங்களாம். இப்போதைக்கு டிமென்ஷியான்னு பேர் வைக்கல, ஆறு மாசம் கழிச்சு திரும்ப பார்ப்பாங்க. மஞ்சள் மாத்திரை நின்ன பிறகு காலையில தெளிவாத்தான் எழுந்திருக்காங்க, ஊசியாலயா அதாலயான்னு பிரிச்சு சொல்லத் தெரியல.

இப்ப சின்னம்மா தனக்கும் தலையில வயர் மாட்டிப் பார்க்கணும்னு நிக்கிறாங்க. அவங்க வீட்டு மாத்திரை டப்பாவை முதல்ல எடுத்துட்டு வரச் சொல்லியிருக்கேன், அதுலயும் அந்த மஞ்சள் மாத்திரை இருக்குன்னு தம்பி சொன்னான்.